கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவது எப்படி?

கிட்டார் தனியாக வாசித்தால் வருகிறது, பாட்டும் தனியாகப் பாடினால் வருகிறது. இரண்டையும் சேர்த்தால்தான் சிக்கல். வாயைத் திறந்ததும் கை நின்றுவிடும்; இல்லையென்றால் பாட்டில் சொல் விழும் இடத்திலெல்லாம் கையும் தந்தியைத் தட்டப் போய்விடும். புதிதாகக் கற்கிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது நடக்கும். "எனக்குத் தாள ஞானம் இல்லை" என்று அதற்குள் முடிவுகட்டிவிடாதீர்கள்.

சொற்களுக்கு ஒரு நடை, கைக்கு வேறொரு நடை. இரண்டையும் ஒரே நேரத்தில் கவனித்து ஓட்ட யாராலும் முடியாது. மேடையில் சிரித்துக்கொண்டே பாடி வாசிப்பவர்களும் கவனிப்பது பாட்டை மட்டும்தான். அவர்களுடைய கை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பாட்டைச் சேர்ப்பதற்கு முன்பே வலக்கையை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்த வழிகாட்டியில் முக்கியமான பகுதி அதைப் பற்றித்தான். இங்கே வலக்கை என்பது தந்தியைத் தட்டும் கை. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாட்டு?

உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு முதல் பாட்டாக இருக்கத் தேவையில்லை. நான்கு கார்டுக்குள் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், அதற்கான விரல் பிடி) அடங்க வேண்டும். வேகம் நடுத்தரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கார்டும் குறைந்தது நான்கு தாள அடியாவது நிற்க வேண்டும். வரிகள் உங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். தாளைப் பார்த்துப் பாடினால் கண், கை, வாய் மூன்றையும் மேய்க்க வேண்டியிருக்கும்.

பிருகாவும் (வேகமாக உருளும் சுரங்கள்) நீண்ட சங்கதியும் நிறைந்த பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். சரணத்தில் ஸ்கேல் மாறும் பாட்டும் வேண்டாம். இடையிசையைப் பற்றிக் கவலையே வேண்டாம்: அந்த இடத்தில் கார்டுகளை ஒரு சுற்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஒற்றைக் கிட்டாரோடு பாடும்போது கேட்பவர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை.

சுருதி சேர்ப்பது

தடித்த தந்தி 6, மெல்லிய தந்தி 1. ஆறிலிருந்து ஒன்று வரை அவற்றின் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கிட்டாரின் தலையில் கவ்வும் ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) இருந்தால் ஒரு நிமிட வேலை. செல்பேசிச் செயலியும் போதும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சரிபாருங்கள். சுருதி விலகிய கிட்டாரோடு பாடிப் பழகினால் குரலும் அதோடு சேர்ந்து விலகப் பழகிவிடும். காது கிட்டாரைத்தான் நம்பும்.

இடக்கைக்கு வேலையைக் குறையுங்கள்

ஜி, டி, ஈ மைனர், சி என்ற நான்கு கார்டுகளை வைத்து எண்ணற்ற பாட்டுகளை ஓட்டிவிடலாம். புத்தகங்களில் இருக்கும் வடிவங்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா விரலும் எழுந்து இடம் மாற வேண்டும். பாடப்போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு வடிவங்கள். மோதிர விரலை 2ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்குக் கம்பிகளுக்கு இடையிலுள்ள கட்டம்; தலைப் பக்கத்திலிருந்து எண்ணுங்கள்) வைத்துவிடுங்கள். பாட்டு முடியும்வரை அது அங்கிருந்து எழவே வேண்டாம்.

ஜி: நடுவிரல் 6ஆம் தந்தி 3ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் 5ஆம் தந்தி 2ஆம் ஃப்ரெட், மோதிர விரல் அதன் இடத்தில், சுண்டுவிரல் 1ஆம் தந்தி 3ஆம் ஃப்ரெட்.

சிக்குப் பதில் சி ஆட் நைன்: மோதிர விரலும் சுண்டுவிரலும் அப்படியே இருக்க, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தந்தி கீழே இறங்கினால் போதும். அதாவது நடுவிரல் 5ஆம் தந்தி 3ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் 4ஆம் தந்தி 2ஆம் ஃப்ரெட்.

ஈ மைனருக்குப் பதில் ஈ மைனர் செவன்: ஆள்காட்டி விரல் 5ஆம் தந்தி 2ஆம் ஃப்ரெட், நடுவிரல் 4ஆம் தந்தி 2ஆம் ஃப்ரெட். மற்ற இரண்டு விரல்களும் அசையாது.

டி: சுண்டுவிரல் மட்டும் எழும். ஆள்காட்டி விரல் 3ஆம் தந்தி 2ஆம் ஃப்ரெட், நடுவிரல் 1ஆம் தந்தி 2ஆம் ஃப்ரெட். மோதிர விரல் எப்போதும்போல்.

ஜியிலும் ஈ மைனரிலும் ஆறு தந்தியையும் தட்டலாம். சியில் 5ஆம் தந்தியிலிருந்து, டியில் 4ஆம் தந்தியிலிருந்து. தவறிப்போய் ஒரு தந்தி கூடுதலாக ஒலித்தாலும் பெரிய குற்றமில்லை, ஆனால் டியில் 6ஆம் தந்தி ஒலித்தால் அடித்தளமே குழம்பிக் கேட்கும்.

விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதன் பின்னால் வையுங்கள். கம்பியிலிருந்து தள்ளி அழுத்தினால் இரண்டு மடங்கு பலம் கொடுத்தாலும் தந்தி 'ட்ர்ர்' என்றுதான் சொல்லும். விரல் நுனி வலிக்கும், சில வாரங்களில் தோல் தடித்ததும் அடங்கிவிடும். விட்டுவிட்டு வாரம் ஒருமுறை வாசித்தால் வலி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

கண்ணை மூடிக்கொண்டு ஜி–டி, டி–ஈ மைனர், ஈ மைனர்–சி, சி–ஜி என்று மாற்றிப் பாருங்கள். பார்க்காமலே விரல் சரியான இடத்துக்குப் போகத் தொடங்கினால் இடக்கை ஓரளவு தயார்.

வலக்கை

சின்னதிலிருந்து தொடங்குவோம். மெட்ரோனோமை (சீராக அடி ஒலிக்கும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 அடி என்று வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு டவுன், அதாவது கீழ்நோக்கி ஒரு தட்டு. 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று வாய்விட்டு எண்ணுங்கள். ஒவ்வொரு நான்குக்கும் ஒரு கார்டு. எண்ணுவதும் பாட்டுக்கான முதல் பயிற்சிதான், ஏனென்றால் கை ஓடும்போது வாய் வேறொன்றைச் செய்கிறது.

அடுத்தது அப், அதாவது மேல்நோக்கித் தட்டுவது. 'ஒன்று–ம், இரண்டு–ம், மூன்று–ம், நான்கு–ம்' என்று எண்ணுங்கள். எண்ணில் கை இறங்கும், 'ம்'மில் ஏறும். கடிகார ஊசல்போல இந்தக் கை நிற்கவே கூடாது. தந்தியைத் தட்டினாலும் தட்டாவிட்டாலும் எண்ணுக்கு இறக்கம், 'ம்'முக்கு ஏற்றம். ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன் என்று எல்லோரும் மிரளும் சமாச்சாரத்தில் வேறு எதுவும் இல்லை: ஓடிக்கொண்டே இருக்கும் கை எந்த இறக்க ஏற்றத்தில் தந்தியைத் தொடுகிறது, எதில் தொடாமல் போகிறது என்பதுதான்.

மிகவும் புழங்கும் பேட்டர்ன் இது: டவுன், டவுன்–அப், அப்–டவுன்–அப். எண்ணிக்கையில் சொன்னால், 1இல் டவுன், 2இல் டவுன், 2இன் 'ம்'மில் அப். 3இல் கை இறங்கும், தந்தியைத் தொடாது. 3இன் 'ம்'மில் அப், 4இல் டவுன், 4இன் 'ம்'மில் அப். மூன்றாம் அடியில் இருக்கும் அந்த வெற்று இறக்கம்தான் இந்தப் பேட்டர்னுக்கு அழகு. தொல்லையும் அங்கேதான். அதைப் பிறகு பார்ப்போம்.

பிக்கை (தந்தியைத் தட்டும் சிறு வில்லை) மெல்லியதாகத் தேர்ந்தெடுங்கள், 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர் போதும். அதை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முழங்கையிலிருந்து தட்டினால் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். மணிக்கட்டு உருள வேண்டும்.

கார்டு மாறும்போது புதியவர்கள் கையை நிறுத்தி, இடக்கை வந்து சேரும்வரை காத்திருப்பார்கள். அந்தக் கெட்ட பழக்கத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள். 4இன் 'ம்'மில் இடக்கை கிளம்பிவிட வேண்டும். அந்த அப்பில் விரல் இல்லாத தந்திகள் ஒலித்தாலும் பரவாயில்லை. தேர்ந்தவர்கள் வாசிப்பதைக் கூர்ந்து கேட்டால் அங்கேயும் அது ஒலிக்கும். அடுத்த 1இல் கார்டு வந்துவிட்டால் யாருக்கும் அது தெரியாது. கார்டு வரவில்லையா? பாதிக் கார்டைத் தட்டுங்கள், விரலில்லாமல்கூடத் தட்டுங்கள். கை மட்டும் நிற்கக் கூடாது.

பாடலாமா? ஒரு சோதனை

பேட்டர்னை ஓடவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள். நேற்று என்ன நடந்தது என்று சொல்லுங்கள். யாரும் இல்லாவிட்டால் கையில் கிடைக்கும் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். பேச்சுக்கு இந்தத் தாளம் கிடையாது. அதனால் கையை அது இழுக்கப் பார்க்கும். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது கை அசராமல் ஓடினால் பாட்டுக்குத் தயார். தடுமாறினால் இன்னும் சில நாள் வெறும் ஸ்ட்ரம்மிங்தான். அலுப்பாக இருக்கும், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யுங்கள். கவனம் வேறு இடத்தில் இருக்கும்போது செய்யும் பயிற்சிதான் இங்கே நமக்கு வேண்டியது.

உங்கள் குரலுக்கு எந்தச் சுருதி?

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இணையத்தில் கிடைத்த கார்டுகளை அப்படியே வாசித்து, அந்தப் பாடகரின் உச்சத்தில் நின்று கத்தி, "எனக்குக் குரல் இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். குரல் இருக்கிறது, சுருதிதான் அவர்களுடையதில்லை.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பாடுங்கள். பல்லவியைக் காட்டிலும் பொதுவாகச் சரணம்தான் மேலே போகும், அதனால் அதையும் பாடிப் பாருங்கள். தொண்டை இறுகாமல் எல்லா இடத்துக்கும் போய்வர முடிகிற உயரத்தைக் கண்டுபிடித்த பிறகு, பாட்டு வந்து நிற்கும் சுரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பல்லவியின் முடிவு அங்கேதான் வந்து உட்காரும், அதுதான் ஆதார சட்ஜம், பாட்டின் 'ஸ'. அதை 'ம்ம்ம்' என்று நீட்டிக்கொண்டே 6ஆம் தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறுங்கள். 3ஆம் ஃப்ரெட்டில் குரலும் தந்தியும் ஒன்றாகக் கலந்தால் உங்கள் சுருதி ஜி. கட்டைக் கணக்கில் பழகியவர்களுக்கு, அது ஐந்து கட்டை. பெண் குரலென்றால் தந்தி ஒன்று அல்லது இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்கலாம், அது சரிதான்.

ஜி என்றால் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒரு ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வி) தேவையில்லை. அதற்கு மேலே ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் கேப்போவை ஒரு ஃப்ரெட் ஏற்றுங்கள்: ஏ என்றால் 2ஆம் ஃப்ரெட்டில், பி என்றால் 4இல், சி என்றால் 5இல். விரல்கள் போடுவது அதே நான்கு வடிவங்கள்தான். சுருதி எஃப்பிலோ ஈயிலோ வந்தால் கேப்போவை 9, 10 ஃப்ரெட் ஏற்றுவது அபத்தம். அப்போது சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற குடும்பத்துக்கு மாறி, ஈக்குக் கேப்போவை 4இலும் எஃப்புக்கு 5இலும் போடலாம். எஃப் கார்டுக்கு ஆறு தந்தியையும் ஒரே விரலால் அழுத்த வேண்டும் என்று பயந்தால் எஃப் மேஜர் செவன் போடுங்கள்: மோதிர விரல் 4ஆம் தந்தி 3ஆம் ஃப்ரெட், நடுவிரல் 3ஆம் தந்தி 2ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் 2ஆம் தந்தி 1ஆம் ஃப்ரெட், 1ஆம் தந்தி சும்மா.

கேப்போவால் சுருதியை ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. அதைப் போட்டதும் மறுபடி ட்யூனரைப் பாருங்கள், தந்திகள் சற்று இழுபடும்.

இரண்டையும் சேர்ப்பது

உதாரணத்துக்கு நானே கட்டிய இரண்டு வரி:

வண்டி போகுது, வளைவு தாண்டி
வீடு தெரியுது, விளக்கு ஏந்தி

'வண்டி போகுது' ஜி. 'வளைவு தாண்டி' டி. 'வீடு தெரியுது' ஈ மைனர். 'விளக்கு ஏந்தி' சி. ஒவ்வொன்றுக்கும் நான்கு அடி. மெட்டு எதுவாகவும் இருக்கட்டும், சொற்கள் அடியில் விழும் இடம்தான் நமக்கு வேண்டும்: 1இல் 'வண்', 2இல் 'டி', 3இல் 'போ', 4இல் 'குது'. மற்றவையும் அப்படியே: 'வளை – வு – தாண் – டி', 'வீ – டு – தெரி – யுது', 'விளக் – கு – ஏந் – தி'.

முதலில் 1இல் மட்டும் ஒரு டவுன். கார்டு ஒலித்துக்கொண்டிருக்க, அதன்மேல் வரியைப் பாடுங்கள். இதிலேயே பாட்டு பாட்டாகக் கேட்கும். பல மெதுவான பாட்டுகளுக்கு இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். அது சரளமானதும் நான்கு அடிக்கும் நான்கு டவுன். இங்கே ஒவ்வொரு அசையும் ஒரு டவுனோடு சேர்ந்து விழுவதால் எளிதாக இருக்கும்.

அதன்பின் முழுப் பேட்டர்ன். அதில் வார்த்தைகளைப் பாடாமல் மெட்டை மட்டும் முனகுங்கள். பிறகு மெட்டில்லாமல் வார்த்தைகளை மட்டும் அந்தந்த அடியில் பேசுங்கள். மெட்டும் சொல்லும் தனித்தனியாகக் கையோடு பழகிய பிறகு பாடிப் பாருங்கள்.

பாடும்போது எங்கே இடறும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: 'போ'வில். அது 3ஆம் அடி. வரியிலேயே அழுத்தமான நெடில் அதுதான், ஆனால் பேட்டர்னில் அந்த இடம் வெற்று இறக்கம். குரல் அழுத்தும்போது கையும் அழுத்த ஆசைப்பட்டு ஒரு டவுனைப் போட்டுவிடும்; அதோடு 3இன் அப் தவறும், நான்காம் அடி தாமதமாகும், அடுத்த 1இல் டிக்கு மாறுவதும் தாமதமாகும். கேட்பவர்களுக்கு 'கார்டு மாற்றத்தில் தடுமாறுகிறார்' என்று தோன்றும். தடுமாற்றம் தொடங்கியது 'போ'வில்தான்.

இதற்கு மருந்து கால். எல்லா அடியிலும் காலால் தரையைத் தட்டுங்கள், 3இல் சற்று ஓங்கி. குரலின் அழுத்தத்தைக் கால் வாங்கிக்கொள்ளும், கை காற்றில் இறங்கிப் போகும். 'வண்டி போகுது' என்ற நான்கு அடியை மட்டும், ஒரே கார்டில், மெட்ரோனோம் 50இல் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். முழுப் பாட்டையும் முதலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முறையும் 'போ'வில் விழுந்து எழுந்தால், விழுவதைத்தான் பழகிக்கொள்வீர்கள்.

உங்கள் பாட்டிலும் இதுபோல் அழுத்தமான அசை வெற்று இறக்கத்தில் விழும் இடங்கள் இருக்கும். வரிகளைக் கையால் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு கார்டும் எந்த எழுத்தின் தலையில் மாறுகிறது என்று குறியுங்கள். இணையத்தில் எடுத்த தாள்களில் கார்டின் பெயர் ஓரிரு எழுத்து தள்ளியே அச்சாகியிருக்கும். அதை நம்பாமல் பாட்டைக் கேட்டுக் குறியுங்கள்.

எடுப்பைப் பற்றியும், அதாவது பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைப் பற்றியும், ஒரு வார்த்தை. எல்லாப் பாட்டும் 1இல் தொடங்காது. பலவும் அரை அடி தள்ளி, 1இன் 'ம்'மில் எடுக்கும். சில முந்தைய 4இலேயே கிளம்பிவிடும். "எவ்வளவு முயன்றும் சேரவே மாட்டேன் என்கிறது" என்பவர்களில் பலர் தள்ளி எடுக்க வேண்டிய பாட்டைச் சமத்தில், அதாவது சரியாக 1இல், எடுக்கிறார்கள். மூலப் பாட்டைப் போட்டுக் கையால் தாளம் போடுங்கள், முதல் எழுத்து கை விழும் முன்பா, விழும்போதா, விழுந்த பிறகா என்று பாருங்கள். தள்ளி எடுப்பதென்றால் முதல் டவுனைத் தட்டி, அது ஒலித்ததைக் கேட்டுவிட்டு வாயைத் திறக்கப் பழகுங்கள்.

குரல்

கிட்டாரைப் பார்க்கக் குனிந்தால் தொண்டை மடங்கும், மூச்சும் குறையும். நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது பட்டை மாட்டி நில்லுங்கள். எங்கே மூச்செடுப்பது என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பாடத் தொடங்கியதும் ஸ்ட்ரம்மிங்கின் சத்தம் பாதியாகக் குறைய வேண்டும். பெரும்பாலானோர் நேர்மாறாகச் செய்வார்கள்: குரல் ஏறினால் கையும் ஓங்கும், கை ஓங்கினால் குரல் இன்னும் கத்தும். வரிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் கையை ஓங்கவிடுங்கள். மெட்டைக் கிட்டாரில் பின்தொடரவும் முயல வேண்டாம். குரல் கமகத்தோடு வளைந்து போகட்டும். கார்டு தன் இடத்தில் நின்றால் போதும்.

செல்பேசியில் ஒலிப்பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசித்த உடனே கேட்டால் வாசித்த ஞாபகம்தான் காதில் ஒலிக்கும். மறுநாள் கேட்டால் வேகம் எங்கே ஓடுகிறது, எந்த வரியில் சுருதி இறங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். சரணத்தில் வேகம் ஓடுவது சகஜம்.

நான்கு பேர் முன்னால்

கார்டு தவறினால் பாட்டு தாங்கும், வரி மறந்தாலும் முனகித் தாண்டலாம். தாளம் நின்றால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே தவறு நேர்ந்தால் வலக்கையை ஓடவிட்டு, அடுத்த 1இல் ஏறிக்கொள்ளுங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், பாதிப் பேருக்குத் தெரிந்தே இருக்காது. தொடங்கும்போது கார்டுகளை ஒரு சுற்று பாடாமல் வாசியுங்கள். கைக்கு வேகம் படியும், குரலுக்குச் சுருதி கிடைக்கும். முடிக்கும்போது ஜியில் ஒரே டவுன், மெதுவாக, மேலிருந்து கீழாக. ஒலி அடங்கும்வரை கையை எடுக்க வேண்டாம்.

இரண்டாவது பாட்டாக ஆறு எண்ணிக்கையில் ஓடும் ஒன்றை எடுங்கள். திஸ்ர நடையில் (மும்மூன்றாக எண்ணும் நடை) ஆடிக்கொண்டு போகும் மெட்டுகள் ஏராளம். ஆறும் டவுன், 1இலும் 4இலும் மட்டும் அழுத்தம். முந்தைய பேட்டர்ன் கையில் ஊறிப்போயிருப்பதால் கை நான்குக்கே திரும்பப் பார்க்கும். அதனால் இங்கேயும் பாட்டைச் சேர்க்கும் முன் வெறும் கையோடு ஆறை வாய்விட்டு எண்ணுங்கள், பிறகு அந்தச் செய்தித்தாளை எடுங்கள்.